பாரமான தட்டு மேலே போன தராசு

மதலேனா அக்கா படியேறி வந்தபோது வின்சனின் வாய்க்குள் பேக்கரிப் பணிசின் கடைசித் துண்டு இருந்தது. இருந்தது இருந்தபடியே நின்றுவிட்டது. அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு மனிதப் பிறவி எதுவும் எதையும் விழுங்க முடியாது.

புதுக்குடியிருப்பில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது பிரேமிளாவின் துப்பறியும் நிலையம். நிலையம் என்றால் ஒரு மேசை, மூன்று கதிரை, நாள் முழுக்கக் கீழேயிருந்து ஏறிவரும் பாண் வாசம். பிரேமிளா முன்னர் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காகப் பொய்ச் சாவுகளைப் பிடித்துக் கொடுத்தவர். ஒரே பசுமாடு மூன்று ஊரில் மூன்று தரம் செத்ததைக் கண்டுபிடித்து, நாலாம் தரம் சாகப் போன மாட்டுக்கு முன்னால் போய் நின்றவர் என்று வின்சன் சொல்லுவான். வின்சன் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் மாடு மிஞ்சும். அவன் அவருடைய ஆட்டோச் சாரதி, தேத்தண்ணி ஊற்றுபவன், உதவியாளன். தன்னுடைய கணக்கின்படி நிலையத்தின் மூளையும் அவனே.

"இருங்கோ அக்கா. பையை உதிலை வையுங்கோ," என்றான் வின்சன்.

மதலேனா இருந்தார். பையை வைக்கவில்லை. நிறம் செத்த நீலத் தோள்பை. சிப் பழுதாகிப் போனதால் வலை பொத்துகிற நைலோன் நூலால் அதன் வாயைக் கட்டியிருந்தார். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"உள்ளுக்கை என்னக்கா, நகையோ? இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள்."

"என்ரை இளையவனைப் பொலிசுக்குக் கொண்டு போட்டினம், தம்பி," என்றார் மதலேனா. "நேற்றுப் பின்னேரம். விசாரிச்சிட்டு விடுறம் எண்டவை. மூத்தவனைக் கொண்டு போகேக்கையும் உதைத்தான் சொன்னவை."

மூத்தவனைப் பற்றி வன்னியில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்த வசனம் எத்தனை வீட்டில் பாதியில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வின்சன் பணிசை விழுங்கினான். அது வயிற்றுக்குப் போய்ச் சேர ஏழு வருசம் எடுத்தது.

பிரேமிளா தன் கதிரையை மதலேனாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "உங்கடை இளையவன் நிறோஜனையோ? என்ன சொல்லிக் கொண்டு போனவை?"

"புத்தகம் களவெடுத்தவனாம்."

"புத்தகமோ?" வின்சனுக்கு வாய் சும்மா கிடக்காது. "புத்தகம் களவெடுக்கிற ஒருத்தன் எங்கடை மாவட்டத்திலை இருந்தால் அவனுக்கு மாலை போட்டு ஊர்வலமெல்லோ விடோணும்."

"வின்சன், ஆட்டோவுக்கு எண்ணெய் கிடக்கோ பாரும்," என்றார் பிரேமிளா. வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருக்கும் மரியாதையான வசனம் அது.

களவு போனது சாதாரணப் புத்தகம் இல்லை. 'கூடை மீனும் குடும்பக் கணக்கும்' என்று பெயர். பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி ஒளிக்கிற சனத்துக்காக, முல்லைத்தீவில் படிப்பித்த வாத்தியார் ஒருவர் எழுதியது. ஒரு கூடை மீன் கரையிலிருந்து சந்தைக்குப் போய்க் குசினிக்கு வந்து சேருகிற கதைக்குள் உலகத்துச் செல்வம் முழுவதையும் அடக்கிவிட்டார் மனிசன். பிறகு அது பல பதிப்புக் கண்டு, தமிழர் குளிரில் நடுங்குகிற நாடெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் முதற்பதிப்பில் ஒரு கூத்து நடந்தது. அட்டையில் தராசு கீறியவர் மீன் நிறைந்த தட்டை மேலேயும் வெறும் தட்டைக் கீழேயும் கீறிவிட்டார். விலையைப் பற்றிய புத்தகத்தில் தராசே பிழை. வாத்தியார் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டார். இப்போது அந்தப் பிழைக்குத்தான் மதிப்பு. பிழையான தராசு உள்ள பிரதிகளை விரல் விட்டு எண்ணலாம். கனடாவில் அதைத் தேடித் திரிகிறவர்கள், கேட்டால் சொந்தப் பல்லைக்கூடக் கழற்றித் தருவார்கள்.

அப்படி ஒன்று தண்ணீரூற்றில், நெல் வியாபாரி கச்சு முகம்மதுவின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வாத்தியார் தம் கையாலேயே அவருக்குக் கொடுத்தது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் வடக்கை விட்டுப் போகவேண்டி வந்தபோது, கொண்டுபோகக் கிடைத்த கையளவு சாமானுக்குள் புத்தகம் அடங்கவில்லை. கச்சு முகம்மது அதைத் தம் கூட்டாளி ஞானப்பிரகாசத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். ஞானப்பிரகாசம் மதலேனாவின் புருசன். சில வருசத்தில் அவர் கடலோடு போனார். பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை பதுங்கு குழி. சட்டி பானை போயிற்று, வீடு போயிற்று, மூத்தவன் போனான். புத்தகம் மட்டும் ஒரு முனை மடியாமல் மதலேனாவின் கையிலேயே இருந்து, கச்சு முகம்மது ஊர் திரும்பிய அன்றைக்கு அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"களவெடுக்கிறதெண்டால் நாங்கள் எப்பவோ எடுத்திருக்கலாமே, பிள்ளை," என்றார் மதலேனா. "என்னட்டைத்தானே கிடந்தது."

வின்சன் எண்ணெய் பார்க்கப் படியிறங்கிப் போய் வந்தான்.

"பொலிஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார் பிரேமிளா.

"கச்சு முகம்மது நானா இன்னும் எழுத்திலை முறைப்பாடு குடுக்கேல்லை. வாயாலைதான் சொன்னவராம். இண்டைக்கு ஜும்மா முடிஞ்சு வந்து கையெழுத்து வைப்பாராம். வைச்சால் கோட்டுக்குக் கொண்டு போயிடுவினம். பிறகு மறியல். அவனும் உள்ளை போனால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? கேட்டுக் கேட்டு என்ரை வாய் தேஞ்சு போச்சு, பிள்ளை."

பிரேமிளா எழும்பிவிட்டார். "வின்சன், ஆட்டோ."

"எண்ணெய் கிடக்கு அக்கா," என்றான் வின்சன்.

*

தண்ணீரூற்றில் மதலேனா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "அந்தப் படலைக்குள்ளை இண்டைக்கு நான் கால் வைக்கமாட்டன்," என்று பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

கச்சு முகம்மது கதைத்தால் நெல் மூட்டை தானாக லொறியில் ஏறும் என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு அந்தக் குரல் மூட்டைக்கு அடியில் அகப்பட்டது போல வந்தது.

"இதை நான் விரும்பிச் செய்யேல்லை, தங்கச்சி. ஞானப்பிரகாசத்தின்ரை பொடியன் அவன். ஆனா வேறை ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

நடந்தது இவ்வளவுதான். அடுத்த நாள் கனடாவிலிருந்து ஒருவர் புத்தகத்தைப் பார்க்க வருகிறார். அதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன லைற் பூட்ட, வயறிங் வேலை செய்கிற நிறோஜன் நேற்றுக் காலை வந்தான். கச்சு முகம்மது நெல் ஆலைக்குப் போய்விட்டார். நடுவில் வவுனியாவிலிருந்து போன் வந்தது. மகள் மஸீனாவுக்குப் பிள்ளைப்பேறு நோ தொடங்கிவிட்டது. மனைவி முனவ்வறா அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். மத்தியானம் கச்சு முகம்மது சோற்றுக்கு வந்தபோது பெட்டி பூட்டியிருந்தது, லைற் எரிந்தது, புத்தகம் இல்லை. நிறோஜனும் இல்லை. அவன் பூநகரியில் வேறு வேலைக்குப் போய், போன் பிடிக்காத இடத்தில் நின்று, பொழுதுபட வீட்டுக்கு வந்தால் வாசலில் பொலிஸ்.

"பெட்டியைப் பூட்டுற திறப்பு எங்கை கிடந்தது?" என்றார் பிரேமிளா.

"எப்பவும் கிடக்கிற மேசை லாச்சியுக்கைதான்."

"அப்ப கள்ளன் வெறும் பெட்டியைப் பூட்டி, திறப்பைக் கொண்டுபோய் லாச்சியுக்கை வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

"நல்ல வளப்பு," என்றான் வின்சன். சுற்றிப் பார்த்தான். ஆட்டோச் சாரதிக்குரிய தன் சிவப்புத் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி சும்மா இருந்தது. அதில் கொழுவினான்.

"உங்கடை மனிசிக்கும் லாச்சி தெரியும்தானே?" என்றார் பிரேமிளா.

"முனவ்வறாவுக்கோ?" கச்சு முகம்மது முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தார். "அவளுக்குப் புத்தகமெண்டால் கடலை சுத்திற கடுதாசி. இவ்வளவு காலத்திலை ஒருக்காத் தொட்டுப் பாத்ததில்லை."

"போன் பண்ணிக் கேட்டனீங்களோ?"

"அவளின்ரை போன் உந்தா, சார்ஜிலை கிடக்கு. விட்டிட்டுப் போட்டாள். மருமகன் றிஷாட்டுக்கு எடுக்கலாம். எடுக்கேல்லை, எடுக்கவும் விடமாட்டன். பிள்ளைப்பேறு நோவிலை கிடக்கிறவளுக்குப் பக்கத்திலை இருக்கிற தாய்க்குக் களவு, பொலிஸ் எண்டு சொல்லி நடுங்க வைக்கிறதோ?"

அதற்கு மேல் அவரிடம் அந்த வழி மூடிக் கிடந்தது. பிரேமிளா எழுந்து வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்தார். வின்சனும் பின்னால் நடந்தான். நடக்க நடக்க அவனுக்குக் கண் கூசியது.

அந்த வீட்டில் கடுதாசி என்று ஒன்றிருந்தால் அது பிளாஸ்ரிக்குக்குள் இருந்தது. கலியாண அழைப்பிதழ் லேமினேட். பேத்தி கீறிய மூன்று கால் ஆடு லேமினேட். கட்டி முடித்த மின்சாரப் பட்டியல், இருமல் மருந்துப் போத்தலோடு வந்த துண்டு, தொதல் கிண்டுகிற குறிப்பு எல்லாம் லேமினேட். ஒரு வேப்பிலைகூடக் கிடந்தது, லேமினேட் பண்ணி. அசையாமல் நின்றால் தன்னையும் பண்ணிவிடுவார்கள் என்று வின்சனுக்குப் பயமாக இருந்தது.

"உங்கை ஒருத்தருக்கும் மழையிலை நனைய வழியில்லைப் போலை," என்றான்.

"சிரியாதை தம்பி," என்றார் கச்சு முகம்மது. "புத்தளத்திலை நாங்கள் கிடந்த ஓலைக் கொட்டிலுக்குள்ளை ஒரு நாள் வெள்ளம் ஏறினது. பிள்ளையளின்ரை பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் கஞ்சியாப் போச்சு. அண்டையிலையிருந்து முனவ்வறாவுக்கு இந்த வருத்தம். இஞ்சை கிட்டக் கடையிருக்க, குமிழ் விழுதெண்டு ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய்ச் செய்விக்கிறவள்." பிறகு மேலே பார்த்தார். "காத்தாடியும் நிண்டு போச்சு. ஒட்டுசுட்டான் பக்கம் லைன் வேலையாம், காலமை தொடக்கம் கரண்ட் இல்லை. நான் பள்ளிக்கு வெளிக்கிடோணும், தங்கச்சி. முடிய நேரை பொலிசுக்குத்தான்."

படலைக்கு வெளியே வந்ததும் பிரேமிளா வின்சனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னத்தைக் கண்டனீர்?"

"பிளாஸ்ரிக்."

"லேமினேட் பண்ணாத கடுதாசி ஒண்டைக் கண்டனீரோ?"

வின்சன் யோசித்தான். மூன்று கால் ஆட்டிலிருந்து வேப்பிலை வரை ஒருமுறை போய் வந்தான். "இல்லை."

"அந்த வீட்டிலை ஒண்டே ஒண்டு இருந்தது. கண்ணாடிப் பெட்டியுக்கை."

வின்சன் படலையைத் திரும்பிப் பார்த்தான். "ஐயோ அக்கா."

"நாளைக்குக் கனடாக்காரர் வாறார். வந்து விரலை நக்கி நக்கிப் பக்கம் பிரட்டப் போறார். முனவ்வறா ராத்தா என்ன நினைச்சிருப்பா? வவுனியா பஸ் ஒட்டுசுட்டானாலைதான் போகுது. கடையிலை குடுத்திட்டுப் போயிருப்பா. லேமினேட் பண்ணுறதெண்டால் முதுகை வெட்டி, ஒற்றை ஒற்றையாக் கழற்றி..."

"கரண்ட் இல்லையே அக்கா, இன்னும் பண்ணியிருக்கமாட்டினம்."

"அதுதான். கரண்ட் வரமுந்தி நாங்கள் போகோணும்."

*

அன்றைக்கு அந்த ஆட்டோ ஓடவில்லை. றோட்டைப் பிடித்து இழுத்துப் பின்னால் எறிந்தது. எதிரே வந்த உழவு இயந்திரம் ஒன்று பயத்தில் வயலுக்குள் இறங்கியது என்று வின்சன் பிற்பாடு சத்தியம் பண்ணுவான். குரங்குகள் மரத்தில் ஏறி நின்று பார்த்தன. பின்னால் மதலேனா செபமாலையை உருட்டியபடி இருந்தார். ஆட்டோ குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் பை மட்டும் அசையவில்லை.

"தேத்தண்ணிக் கடையளைப் பாரும்," என்றார் பிரேமிளா. "காத்தாடி சுத்துதோ?"

"சுத்தேல்லை."

அடுத்த கடை. சுற்றவில்லை. அதற்கடுத்த சலூனில் ஆட்கள் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வின்சன் வாழ்க்கையில் முதல் தடவையாக மின்வெட்டுக்காக மாதாவுக்கு நேர்ந்தான்.

"தம்பி, புத்தகம் கிடைச்சால் விட்டிடுவினமோ?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"விடாமல் என்னக்கா. விட்டுத்தானே ஆகோணும்."

"மூத்தவன்ரை விசயத்திலையும் ஒருத்தர் எனக்கு இப்பிடித்தான் சொன்னவர். நல்ல மனிசன். வேணுமெண்டு பொய் சொல்லேல்லை."

வின்சன் கண்ணாடியில் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தான். அதனால் அவன்தான் முதலில் கண்டது. ஒட்டுசுட்டான் சந்திக்குக் கிட்டிய தேத்தண்ணிக் கடையில் காத்தாடியின் இறகு ஒன்று மெதுவாக அசைந்தது. பிறகு மற்றது. உள்ளே ஒரு வானொலி நடுப்பாட்டில் உயிர்பெற்றுக் கத்தியது.

"வந்திட்டுது," என்றான். கைப்பிடியை இன்னும் முறுக்கினான்.

கடையின் பெயர்ப்பலகையில் நடிகைகளின் படத்துக்கு நடுவில் கடைக்காரி டிலுசாவின் படமும் இருந்தது. வின்சன் ஆட்டோவை நிறுத்தினானா, ஆட்டோ அவனை இறக்கிவிட்டதா தெரியவில்லை. உள்ளே பாய்ந்தான். லேமினேட் மெஷினின் சிவப்பு லைற் எரிந்தது. சூடான பிளாஸ்ரிக் மணம். மேசையில் மினுங்கும் தாள்கள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மெஷினின் வாயிலிருந்து அடுத்தது வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தராசு. மீன் நிறைந்த தட்டு மேலே, வெறும் தட்டுக் கீழே.

வின்சன் கதவில் சாய்ந்தான். உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியதில் ஒரு விரல், கண்ணுக்கு முன்னால், முகம் பார்க்கிற பளபளப்போடு வெளியே வந்து விழுந்தது.

"முடிஞ்சுது அக்கா. அவனும் முடிஞ்சான், புத்தகமும் முடிஞ்சுது."

பிரேமிளா அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "வின்சன், இந்த அட்டை என்ன நிறம்?"

"கறுப்பு வெள்ளை."

"எழுபதுகளிலை அச்சடிச்ச அட்டைப் புத்தகம் இவ்வளவு வெள்ளையா இருக்குமோ? இது போட்டோக் கொப்பி."

டிலுசா இந்த இரண்டு விசரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓம், கொப்பிதான். முனவ்வறா உம்மா போன கிழமை புத்தகத்தைக் கொண்டந்து என்னைக் கொண்டு ஒவ்வொரு பக்கமா எடுப்பிச்சவா. முதுகு வெடிக்கப்படாதெண்டு என்ரை கையைப் பிடிச்சுப் பிடிச்சு. நாளைக்கு வாறவை கொப்பியைப் பிரட்டட்டும், புத்தகத்திலை கை வைக்கப்படாதெண்டு சொன்னவா. இண்டைக்கு முடிச்சுக் குடுக்கிறனெண்டு சொன்னனான், கரண்டாலை பிந்திப்போச்சு."

"புத்தகம்?"

"அண்டைக்கே கொண்டு போட்டா. ஐயா ஆலையாலை வரமுந்தி வைக்கோணுமெண்டு ஓடினவா."

"நேற்று வந்தவாவோ?"

"இல்லையே. பஸ்ஸிலை போகேக்கை யன்னலாலை கை காட்டினவா. அவ்வளவுதான்."

வின்சனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புத்தகம் வெட்டுப்படவில்லை. ஆனால் புத்தகம் இங்கே இல்லை. இருந்த ஒரே வழி, இந்தக் கடையின் வாசலோடு நின்றுபோனது. தொழுகை முடியப் போகிறது. கச்சு முகம்மது பேனையைத் தேடப் போகிறார்.

பிரேமிளா தாளை அடுக்கின் மேல் வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அப்படி நின்றதை வின்சன் அதற்கு முன் கண்டதில்லை. செத்த மாட்டுக்கு முன்னால்கூட.

வெளியே மதலேனா ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டார். வெளியே வந்த வின்சனின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"எனக்கு முள்ளியவளைக்குப் போற பஸ் எங்கை நிக்குமெண்டு சொல்லு தம்பி. நான் பொலிஸ் வாசல்லை போய் இருக்கப் போறன். அவனை ஏத்தேக்கை எந்த வாகனத்திலை, எந்தப் பக்கமாக் கொண்டு போகினம் எண்டாவது இந்த முறை பாத்து வைக்கோணும்."

"நாங்களே கொண்டுபோய் விடுறம் அக்கா. ஏறுங்கோ. பாரமாக் கிடக்கு, அந்தப் பையை இஞ்சாலை தாங்கோ."

"வேண்டாம்."

"அதை ஏன் அக்கா காலமை தொடக்கம் தூக்கிக்கொண்டு திரியிறியள்? வீட்டிலை விட்டிட்டு வந்திருக்கலாமே."

மதலேனா அவனை விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆரும் இல்லாத வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடேக்கை இதை விட்டிட்டோ வாறது? அடையாள அட்டை, உறுதி, பிள்ளையளின்ரை பத்திரம், மூத்தவன்ரை படம், எல்லாம் உதுக்குள்ளைதான். திரும்பி வரேக்கை வீடு இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

கடைக்குள் இருந்து பிரேமிளா வெளியே வந்தார். மெதுவாக வந்தார்.

"அக்கா, அந்தக் காலத்திலை நானாவின்ரை புத்தகத்தை எதுக்குள்ளை வைச்சுக் கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"உதுக்குள்ளைதான். வேறை எதுக்குள்ளை?"

"வின்சன்," என்றார் பிரேமிளா, "உம்மடை தொப்பி எங்கை?"

வின்சன் தலையைத் தடவினான். "மறந்து போனன் அக்கா. அந்த வீட்டிலை, கதவுக்குப் பின்னாலை, ஆணியிலை கொழுவினனான்."

"அந்த ஆணியிலை வேறை என்ன கிடந்தது?"

"ஒண்டும் இல்லை. வெறும்..." வின்சன் மதலேனாவின் பையைப் பார்த்தான்.

"வன்னியிலை ஒரு வீட்டிலை, கதவுக்குப் பின்னாலை பை கொழுவுற ஆணி வெறுமையாக் கிடக்குமோ? வீட்டுக்காரி தூரத்துக்கு வெளிக்கிட்டால் மட்டுந்தான்." பிரேமிளா டிலுசாவிடம் திரும்பினார். "பஸ்ஸிலை கை காட்டினவா எண்டனீர். மடியிலை ஏதும் இருந்ததோ?"

"ஓம். பெரிய பையொண்டு. அதாலை மற்றக் கையை எடுக்கேலாமல் இருந்தவா."

*

முனவ்வறா மகளின் போனுக்கு எப்போதும் டிலுசாவின் கடையில்தான் ரீலோட் போடுவார். இலக்கம் டிலுசாவுக்கு மனப்பாடம். ஆட்டோ திரும்பி ஓடத் தொடங்கி, வின்சன் மறுபடியும் றோட்டைப் பின்னால் எறிந்துகொண்டிருக்கும்போது பிரேமிளா எடுத்தார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தார். மூன்றாம் தரம் முனவ்வறாவின் குரல் இரகசியம் பேசுவது போல வந்தது. பின்னால் எங்கோ ஒரு புதுக் குழந்தை அழுதது.

"புத்தகமோ? பையுக்கை கிடக்கு. உறுதிக்கும் மஸீனாவின்ரை பத்திரத்துக்கும் நடுவிலை. ஏன் மகள்?"

பிரேமிளா ஏன் என்று சொன்னார்.

"மதலேனா எங்கை?" என்றார் முனவ்வறா.

"எனக்குப் பக்கத்திலை."

"அவளோடை கதைக்க எனக்கு முகமில்லை. இவரிட்டைக் குடுங்கோ போனை."

ஆனால் கச்சு முகம்மதுவின் போன் பள்ளிவாசலுக்குள் அணைந்து கிடந்தது. ஆகவே எல்லாம் வின்சனின் வலது கையில் இருந்தது. பொலிஸ் நிலைய வாசலில் அவன் பிரேக் போட்ட சத்தத்துக்குக் காவலுக்கு நின்றவர் சல்யூட் அடித்தார் என்பது அவனுடைய வாக்குமூலம். உள்ளே கச்சு முகம்மது வெள்ளைத் தொப்பியோடு மேசைக்கு முன்னால் இருந்தார். பேனை அவருடைய கையில். தாளுக்கும் பேனைக்கும் இடையில் ஒரு நுளம்பு நுழைய இடமிருந்தது.

பிரேமிளா போனைத் தாளின் மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்.

"இஞ்சருங்கோ," என்றது முனவ்வறாவின் குரல். "புத்தகம் என்னட்டை. பையுக்கை."

கச்சு முகம்மதுவின் கை மேசையில் விழுந்தது. "நீ ஏன் எடுத்தனீ?"

"வீட்டிலை ஆரும் இல்லை. நான் இரவு நிக்க வெளிக்கிடுறன். பெறுமதியான சாமானை விட்டிட்டோ போறது? அந்தப் பிள்ளை லைற்றைப் பூட்டிப்போட்டு என்ரை கையிலைதான் திறப்பைத் தந்தது. நான்தான் எடுத்துப்போட்டுப் பூட்டினனான். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன?"

"நீ பயப்பிடுவாய் எண்டு..."

"இப்ப பயமாக் கிடக்கு. மதலேனாவின்ரை பிள்ளையை வெளியிலை எடுத்துப்போட்டு எனக்குப் போன் பண்ணுங்கோ. பேரன் பிறந்த கதையை அதுக்குப் பிறகுதான் சொல்லுவன்."

போன் அணைந்தது. பேரன் பிறந்துவிட்டான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. கச்சு முகம்மது தாளை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. கிழித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நிறோஜன் வெளியே வந்தான். பெல்ற் கையில், ஒரு காலில் மட்டும் செருப்பு. மதலேனா அழவில்லை. அவனுடைய மணிக்கட்டைத் தொட்டார், தோளைத் தொட்டார், காதுக்குப் பின்னால் பார்த்தார். சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா. பாண் தந்தவை."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு துண்டு எழுதி நீட்டினார். விசாரணை முடிந்தது, குற்றமில்லை, விடப்பட்டார் என்று அதில் இருந்தது. "பத்திரமா வைச்சிருங்கோ, அம்மா. பிறகு ஆரும் கேட்டால் காட்டலாம்."

அப்போதுதான் கச்சு முகம்மது கிட்ட வந்தார். ஊரையே எழுப்புகிற குரல் எங்கோ போய்விட்டது.

"தங்கச்சி, நாளைக்கு அந்தக் கனடாக்காரருக்கு நான் புத்தகத்தைக் காட்டப் போறதில்லை. அது இனி உன்னட்டை இருக்கட்டும். நீதான் அதைப் பாதுகாத்தனீ. எனக்கு அதை வைச்சிருக்கத் தகுதி இல்லை."

மதலேனா கதிரையில் இருந்து, பையின் வாயைக் கட்டியிருந்த நைலோன் நூலை அவிழ்த்தார். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்த பைக்குள் வின்சன் இப்போதுதான் எட்டிப் பார்த்தான். பழுப்பு உறைகள், பொலித்தீன் சுற்றிய கட்டுகள். மேலே ஒரு பொடியனின் படம், பள்ளிக்கூட உடுப்போடு. மதலேனா பொலிஸ் துண்டை இரண்டாக மடித்து, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் தடவி நிமிர்த்தினார். அதற்கு எந்தப் பாரமும் இல்லை. ஆனால் பையைத் தூக்கும்போது அவருடைய தோள் முன்னிலும் கீழே இறங்கியது. அந்த அட்டைப்படத்தைக் கீறியவர் உண்மையிலேயே பிழை விட்டாரா என்று வின்சனுக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

"வேண்டாம் நானா," என்றார் மதலேனா. நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "அதை நீங்களே வைச்சிருங்கோ. என்ரை பையிலை இனி இடமில்லை."